கண்ணாடித் தகட்டில் வெள்ளி முக்கோணங்கள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. "இன்னும் அந்த எலக்ட்ரான் கற்றையோடுதான் மல்லுக்கட்டுகிறாயா?" என்று கேட்டிருந்தாய். பாதி ஆமாம், பாதி இல்லை.

கற்றையால் தகட்டின் மேல் 10 நானோமீட்டர் அகலத்துக்குக்கூடக் கோடு இழுக்கலாம். ஆனால் அது புள்ளி புள்ளியாகத்தான் வரையும். எனக்கு வேண்டியதோ, மூலக்கூறு வந்து ஒட்டினால் நிறம் மாறுகிற உலோகத் துகள்கள், அதுவும் தகடு முழுக்க. கற்றையை நம்பி உட்கார்ந்தால் நாள் போய்விடும்.

அதனால் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன உருண்டைகளுக்கு மாறிவிட்டேன். விட்டம் 400 நானோமீட்டர். தண்ணீர்ப் பரப்பில் மெல்ல விட்டால் தாமாகவே நெருங்கித் தேனடைபோல அடுக்கிக்கொள்கின்றன. சாய்த்துப் பார்க்கும்போது பச்சையும் நீலமும் மின்னும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். கண்ணாடித் தகட்டை அடியிலிருந்து தூக்கி, காயவைத்து, மேலே வெள்ளியை ஆவியாக்கிப் படியவிட வேண்டும். மூன்று உருண்டைகள் கூடும் இடுக்கில் மட்டுமே வெள்ளி கீழே இறங்கும். உருண்டைகளை அகற்றினால் மிஞ்சுவது முக்கோணங்கள். டெக்மன், டன்ஸ்மியூர் என்ற ஆய்வாளர்கள் 1982-இலேயே உருண்டைகளை இப்படி மறைப்பாகப் பயன்படுத்திக் காட்டிவிட்டார்கள். அதைச் சென்சாருக்குக் கொண்டுவந்ததில் வேதியியலாளர் வான் டைனின் பங்கு பெரிது.

முதல் மூன்று தகடுகள் வீணாகிவிட்டன. கண்ணாடியை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்னூட்டம் பெற்ற வாயுவில்) சரியாகச் சுத்தம் செய்யவில்லை. தண்ணீர் பரவாமல் திட்டுத் திட்டாக நின்றது, உருண்டைகளும் அதோடு குவிந்துவிட்டன. நான்காவதில் அடுக்கில் இரண்டு விரிசல்கள். அது பரவாயில்லை. ஒளி லட்சக்கணக்கான முக்கோணங்களைச் சேர்த்துத்தானே பார்க்கிறது! ஆனால் உருண்டைகளின் அளவு கூடிக் குறைந்தால் நிறமாலையின் உச்சி, அதாவது முக்கோணங்கள் ஒளியை மிகுதியாக மறிக்கும் இடம், அகன்றுவிடும்; மூலக்கூறு ஒட்டுவதால் வரும் சிறிய நகர்வு அதற்குள் மறைந்துபோகும். என் கவலையெல்லாம் அங்கேதான்.

கற்றையை முழுதாக விடவும் முடியாது. வேதியியலாளர் லீபரின் குழு 2001-இல் சிலிக்கான் நானோகம்பியைச் சென்சாராக்கியது நினைவிருக்கிறதா? கம்பியின் மேல் மின்னூட்டம் ஒட்டினால் அதன் கடத்துதிறன் மாறும். அப்படி ஒரு தனிக் கம்பியின் இரு முனையிலும் உலோக இணைப்பு வைக்க, குறிபார்த்து வரைய வேண்டும். உருண்டைகளுக்குக் குறி பார்க்கத் தெரியாது.

இத்துடன் இரண்டு தகடுகள் வைத்திருக்கிறேன். உன் நிறமாலைமானியில் முதலில் காற்றில் பார், பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார். உச்சி சிவப்புப் பக்கம் நகர வேண்டும். எத்தனை நானோமீட்டர் என்று உடனே எழுது. கண்ணாடியின் விளிம்பை மட்டும் பிடி, வெள்ளிப் பக்கம் விரல் படவேண்டாம்.

அன்புடன்,
உன் நண்பன்