சொக்குவுக்கு: வயர் அப்புறம், எர்த் முதலில்

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம், நீ செய்யப்போகும் ஆம்ப்ளிஃபயருக்கு வருகிறேன்.

அதற்கு நீ வாங்கப்போகும் சாமான் லிஸ்ட் வந்தது. ஆக்சிஜன் நீக்கிய செம்பு வயராம், வெள்ளி முலாம் வயராம், தங்க முலாம் டெர்மினலாம்! கல்யாணச் சீர் லிஸ்ட் மாதிரி இருக்கிறதடா. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. ஸ்பீக்கருக்கு, வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 ஸ்கொயர் எம்எம் மல்டி ஸ்ட்ராண்ட் செம்பு வயரே தாராளம். 5 மீட்டர் தூரம் போய்த் திரும்ப அதன் ரெசிஸ்டன்ஸ் 0.12 ஓம்தான். உன் ஸ்பீக்கரோ 8 ஓம். இந்த வித்தியாசம் நம் ஹார்மோனியம் வாத்தியார் காதுக்கே எட்டாது.

மிச்சமாகும் காசை டிரான்ஸ்ஃபார்மரில் போடு. 18-0-18 வோல்ட், 5 ஆம்பியர், வளையம் போன்ற டொராய்டல். டிசியில் பிளஸ், மைனஸ் இருபுறமும் சுமார் 25 வோல்ட் கிடைக்கும், ஆம்ப்ளிஃபயர் சிப்பான எல்எம்3886-க்கு அளவான தீனி. டிரான்ஸ்ஃபார்மரின் நடுவில் போகும் போல்ட்டை மட்டும் கவனி. அது கீழே தகட்டையும் மேலே மூடியையும் சேர்த்துத் தொட்டால் ஷார்ட் ஆன ஒரு சுற்று மாதிரி ஆகி, டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். எல்எம்3886டி வாங்கினால் அதன் உலோக முதுகில் மைனஸ் வோல்ட்டேஜ் இருக்கும், சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்குக்கும் அதற்கும் நடுவே மைக்கா தாள், ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ் இரண்டும் வேண்டும். பவர் போடுமுன் சிப்பின் முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து பீப் சத்தம் வருகிறதா பார். வந்தால் எங்கோ தொடுகிறது.

இரைச்சலைத் தீர்மானிப்பது வயரின் விலை இல்லை, அது போகும் வழி. டிரான்ஸ்ஃபார்மரின் நடு வயர் முதலில் இரண்டு பெரிய கெபாசிட்டர்களும் சேரும் இடத்துக்குப் போகட்டும். கெபாசிட்டர் நிரம்பும்போது கரண்ட் துடித்துத் துடித்துப் பாயும், அந்தப் பாதையில் இன்புட் கிரவுண்டைக் கட்டினால் 100 ஹெர்ட்ஸில் ஊம்ம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கிருந்து சின்னதாக ஒரு வயர் இழுத்து, அதன் முனையில் மற்ற கிரவுண்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர். ஏசி வயர்களை இறுக்கி முறுக்கு, பாட்டு உள்ளே வரும் ஆர்சிஏ சாக்கெட் பெட்டித் தகட்டைத் தொடாதபடி பிளாஸ்டிக் வாஷர் போடு. தேக்குப் பெட்டி ஆசை எனக்குப் புரிகிறது, செய். ஆனால் உள்ளே அலுமினியப் பெட்டி இருக்கட்டும், மரம் எதையும் தடுக்காது.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். நேற்று கானாடுகாத்தானில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ ஆம்ப்ளிஃபயர் வைக்கப்போகும் பட்டாலையில், அதுதான் அந்தக் கூடத்தில், பிளக்கைத் திறந்து பார்த்தேன். மூன்று ஓட்டை இருக்கிறது, எர்த்துக்கான மூன்றாவதில் வயரே இல்லை! அந்தக் காலத்து மரக் கேசிங்குக்குள் இரண்டே வயர். உலோகப் பெட்டியில் லைவ் பட்டால் ஃபியூஸ் போகாது. தரையைக் கழுவிவிட்ட ஈரத்தில் வெறுங்காலோடு ஒரு பிள்ளை அதைத் தொட்டால் என்ன ஆகும்? நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

'நியூட்ரலிலிருந்து ஒரு லூப் போட்டுவிடலாம்' என்று எவனாவது சொல்வான். ஒத்துக்கொள்ளாதே. நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டி முழுக்க 230 வோல்ட். ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு முறையாக ஒரு எர்த் குழி எடுக்க வேண்டும். பட்டாலை வரை பச்சை வயர் இழுத்து, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட வேண்டும். பெட்டிக்குள் அந்தப் பச்சை வயருக்குத் தனி போல்ட், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, பல் வாஷரோடு.

பங்காளிகளைக் கேட்காமல் அந்த வீட்டில் ஆணிகூட அடிக்க முடியாது, தெரியும். உன் அப்பச்சியை விட்டுப் பேசச் சொல். செலவை யார் தலையில் கட்டுவது என்று ஆறு மாதம் இழுப்பார்கள், அதற்கு நாம் காத்திருக்க வேண்டாம். நீயும் நானும் போட்டுக்கொள்வோம். கிணற்றடியில் எப்போதும் ஈரம் இருப்பதால் குழிக்கு அந்த இடம்தான் சரி. சம்மதம் கிடைத்ததும் எழுது, ஆளை நான் கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
மெய்யப்பன்