பிரித்துக் கொடுத்ததைக் கலக்காதீர்கள்: நகராட்சி ஆணையருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற புதன்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வந்தது. புதன்கிழமை மக்கும் குப்பையோடு மக்காத குப்பையையும் வாங்கும் நாள் என்று நகராட்சி அச்சடித்துக் கொடுத்த தாள் இன்னும் என் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. வழக்கம்போல் மக்கும் குப்பைக்கான பச்சை வாளி ஒரு கையிலும் மக்காத குப்பைக்கான நீல வாளி மறு கையிலுமாக வாசலுக்குப் போனேன். இரண்டையும் வாங்கி, வண்டியில் ஒரே இடத்தில் கொட்டினார்கள். முருங்கைக்காய்ச் சக்கையும் தேயிலைத் தூளும் காகிதங்களின் மேல் வழிந்து இறங்கின. எட்டிப் பார்த்தேன். வண்டியின் நடுவே இருந்த தகரத் தடுப்பைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன.

எங்கள் எதிர்வீட்டுப் பாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. பால் கவரை வெட்டும்போது மூலைத் துண்டு தனியாக விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுவார். அந்தச் சின்னத் துண்டுதான் யார் கையிலும் அகப்படாமல் சாக்கடைக்குப் போகிறது என்று நகராட்சியிலிருந்து வந்த பெண் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரு நாளும் பாட்டி தவறியதில்லை. கவரை இரண்டு தண்ணீர் விட்டு அலசி, துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயவைப்பார். காய்ந்ததைப் பத்துப் பத்தாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரான தங்கையிடம் கொடுப்பார். அந்தத் தங்கை அதைப் பழைய பேப்பர் கடையில் போட்டால் நாலு காசு கிடைக்கும். அந்தப் புதன்கிழமை பாட்டியின் கட்டும் அந்தச் சக்கைக்குள் போனது. பாட்டி சத்தம் போடவில்லை. என் பக்கம் திரும்பி, "இனிமேல் கழுவ வேண்டாமா அம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதால்தான் இந்த மடல்.

குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கும் இந்தத் திட்டத்தைத் தொடங்கியதே நகராட்சிதான் என்பதால் பின்னணியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். நானும் இன்னும் மூன்று பெண்களும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். "எங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்டவர்கள் உண்டு. கதவைத் திறக்காதவர்களும் உண்டு. எட்டு மாதம் ஆயிற்று. கடைசியாக ஒப்புக்கொண்ட வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், இப்போது உடைந்த கண்ணாடியை நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுக்கிறார். சானிட்டரி நாப்கினைத் தனியாகச் சுற்றிச் சிவப்புக் குறி போட்டுக் கொடுக்க, அதைப் பற்றி வாய்திறக்கவே கூச்சப்பட்ட வீடுகள்கூடப் பழகிவிட்டன. ஒரு மனிதரின் பழக்கத்தை மாற்ற எட்டு மாதம் ஆனது. அது கெட்டுப்போக, ஒரு தகரத் தடுப்பைக் கழற்றினால் போதும்.

குறையை அந்தத் தங்கையின் மேல் போடாதீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். நான் விசாரித்தபோது அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். தடுப்பு இருந்தால் ஒரு பக்கம் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது, வண்டி இன்னொரு நடை போக வேண்டியிருக்கிறது. ஒப்பந்த நிறுவனத்துக்கு எடைக்குத்தான் பணம். எதை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று எடைமேடை கேட்பதில்லை. அதனால் மேற்பார்வையாளர் கழற்றச் சொல்லிவிட்டாராம். உலர்ந்த காகிதத்தைவிட ஈரத்தில் ஊறிய காகிதம் எடை கூடுதல். கலந்து கொண்டுவருகிறவருக்கு லாபமும் பிரித்துக் கொண்டுவருகிறவருக்கு நஷ்டமும் வரும்படி ஒப்பந்தத்தை எழுதிவிட்டு, எங்கள் வீட்டுச் சுவரில் 'தரம் பிரிப்போம்' என்று படம் வரைந்து என்ன பயன்?

மறுநாள் நான் உரம் தயாரிக்கும் மையத்துக்குப் போனேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்களை அங்கே அழைத்துப் போய்க் காட்டினீர்கள். தொட்டிகளில் மக்கிய உரத்தைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தோம். மழை பெய்த மண்ணின் வாசனை. இந்த முறை வாசலிலேயே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. மூன்று பெண்கள் தரையில் குந்தியிருந்து, குவியலைக் கையால் கிளறிப் பிளாஸ்டிக்கைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு வீட்டில் பிரித்துக் கொடுத்ததை இங்கே மறுபடி பிரிக்கிறார்கள், ஐயா. கைகளில் நூல் கையுறை. குழம்புத் தண்ணீரில் ஊறிப்போன நூல் கையுறை எதைத் தடுக்கும்? அவர்களில் ஒருவர் இடது பெருவிரலில் துணி சுற்றியிருந்தார். கேட்டதற்கு, "கண்ணாடி" என்றார். தாள் ஈரத்தில் கிழிந்து கண்ணாடி வெளியே வந்திருக்கும். எங்கள் தெருவில் சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்த கண்ணாடியாகவே இருக்கலாம். அதை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை. யார் கையையும் கிழிக்கக் கூடாது என்றுதானே அந்த ரயில்வே ஊழியர் அப்படிச் சுற்றிக் கொடுத்தார்?

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் எங்களுக்கு ஒரு கடமையைச் சொல்லின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயகரமான கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்புக்கும் ஒரு கடமையைச் சொல்லின: பிரித்ததைப் பிரித்தபடியே வாங்கிக் கொண்டுபோக வேண்டும். எங்கள் பாதியை நாங்கள் செய்துவிட்டோம். பிரித்துக் கொடுத்ததைக் கலக்காதீர்கள் என்பதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை.

கலந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக்குப்பை. காற்றுப் படும்படி வைத்தால் அது உரமாகும். பிளாஸ்டிக்குக்கு அடியில் காற்றில்லாமல் புதைந்தால் மீத்தேன் வாயுவாகும். கோடைக்காலத்தில் ஒரு பொறி போதும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு எரிந்தது. அதை ஒட்டித்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கு பற்றிப் பல நாள் புகைந்தது. சுற்றிலும் குடியிருந்த குழந்தைகளும் முதியவர்களும் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள். வாழைப்பழத் தோலைத் தனியாகப் போடுவது அற்பமான காரியமாகத் தெரியலாம். அந்தத் தீக்கு விறகு போகாமல் தடுப்பது அந்த அற்பக் காரியம்தான்.

முடியாத காரியத்தையும் நான் கேட்கவில்லை. பக்கத்து மாநிலத்தில் ஆலப்புழையைப் பாருங்கள். கிடங்கு இருந்த ஊர் மக்கள் இனிமேல் இங்கே கொட்டாதீர்கள் என்று வண்டிகளை மறித்தார்கள். அதன் பிறகு நகராட்சி வீடுகளில் குப்பையை உரமாக்கும் குழாய்களும் அதிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன்களும், தெருக்களில் காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகளும் அமைக்க வழிசெய்தது. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டாகச் சொன்ன ஐந்து நகரங்களில் அதுவும் ஒன்று.

பொதுவாக ஒன்று சொல்லத் தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் என்றாலே எல்லோரும் குடும்பத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்றார்கள். ஓட்டலுக்குத் தூக்குவாளி எடுத்துப் போனோம். 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்றார்கள். பெட்டியில் கிடந்த கல்யாணப் பைகளைத் தேடி எடுத்துத் துவைத்தோம். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்றார்கள். அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறோம். இதில் எதையும் நாங்கள் குறையாகச் சொல்லவில்லை, விரும்பித்தான் செய்கிறோம். ஆனால் மூலைக்கடையில் இன்றைக்கும் அதே மெல்லிய கவர்தான் தொங்குகிறது. எங்கள் தெருமுனையில் உடைந்த குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வீணாகப் போகிறது. உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5-ஆம் தேதி நட்ட பன்னிரண்டு கன்றுகளில் இரண்டுதான் உயிரோடு இருக்கின்றன. அவையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றியதால் பிழைத்தவை. தனி மனிதர் செய்கிற சின்ன வேலையைக் கையில் வாங்கிக்கொள்ள அரசாங்கத்தின் பக்கம் ஓர் ஆள் இருக்க வேண்டாமா?

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது. குழாய்க்கும் கன்றுகளுக்கும் தனியாக மனு எழுதுகிறேன். இந்த மடலில் கேட்க வந்தது ஒன்றுதான்: பிரித்துக் கொடுத்ததைக் கலக்காதீர்கள். அதற்காகக் கழற்றிய தடுப்பை எல்லா வார்டு வண்டிகளிலும் மறுபடி பொருத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, கலப்புக் குப்பையின் எடைக்குப் பணம் என்ற நிபந்தனையை மாற்றுங்கள். பிரித்து வந்த குப்பைக்குக் கூடுதல் தொகை என்று எழுதினால் மேற்பார்வையாளர்களே தடுப்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். மையத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கண்ணாடி கிழிக்காத ரப்பர் கையுறை இந்த வாரமே கொடுங்கள். இதற்கு ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உலர்ந்த பொருளை விற்றுக் கிடைக்கும் பணம் முன்போல் பணியாளர்களுக்கே சேரட்டும்.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவுக்கு வந்து பத்து நிமிடம் நின்று பாருங்கள் என்று பணிவோடு அழைக்கிறேன். நாற்பத்திரண்டு வீட்டு வாசலிலும் இரண்டு வாளிகள் இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். நாற்பத்தொன்று என்று சொல்ல வேண்டிய நாள் வருமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

பாட்டி இன்னும் கழுவுவதை நிறுத்தவில்லை. இன்று காலை அவர் கொடியில் ஏழு பால் கவர்கள் காய்ந்துகொண்டிருந்தன. வரும் புதன்கிழமை அவற்றைப் போட வண்டியில் தனியாக ஓர் இடம் வேண்டும். தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நகராட்சியில் குடியிருக்கும் ஒரு குடும்பத் தலைவி