அப்பாவுக்கு வெறும் ஆஸ்துமா இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அங் மோ கியோ சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு வரும் அப்பா புளோக்கின் கீழே இரண்டு இடத்தில் உட்கார்ந்து, நீல நிற இன்ஹேலரை அடித்துக்கொண்டு, "பழைய ஆஸ்துமாதான்மா" என்பார். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். அது பெரிய தப்பு.

பிறகுதான் அப்பாவுக்கு ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதவைத்து நுரையீரலைச் சோதிக்கும் பரிசோதனை செய்தார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு மறுபடி ஊதச் சொன்னார்கள். அப்போதும் முதல் நொடியில் வெளிவந்த காற்று, மொத்தமாக ஊதியதில் 70 விழுக்காட்டைத் தொடவில்லை, அதாவது மருந்துக்குப் பிறகும் மூச்சுக்குழாய் அடைப்பு நீங்கவில்லை. முப்பது ஆண்டு சிகரெட் தந்த சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

ஆஸ்துமாவில் அடைப்பு பெரும்பாலும் வந்து வந்து போகும், ஆனால் கடுமையான ஆஸ்துமா பல ஆண்டு நீடித்தால் அதிலும் அடைப்பு நிலைத்துவிடலாம், சிலருக்கு இரண்டுமே இருக்கும், அதனால்தான் குழப்பம். மருந்தும் வேறு: ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுதான் அடிப்படை, சிஓபிடியில் முதலிடம் நீண்ட நேரம் மூச்சுக்குழாயை விரித்து வைக்கும் மருந்துக்கு, ஸ்டீராய்டு சிலருக்கு நிமோனியா அபாயத்தைக் கூட்டும்.

புகைத்த பழக்கமும் படியேறினால் இரைப்பும் உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால், பலதுறை மருந்தகத்தில் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை பற்றித் தயங்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள், அங் மோ கியோ