முதல் பத்தியை மட்டும் எனக்கு அனுப்பு

அன்பு மகளுக்கு,

உன் கட்டுரை வந்து சேர்ந்தது. போனில் படித்தால் கண் வலிக்கிறது என்று அச்செடுத்து வைத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தேன். முப்பது வருஷம் சரித்திர விடைத்தாள் திருத்திய கை, சும்மா இருக்குமா? "நல்லா இருக்காம்மா?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். மூன்றாம் பக்கத்திலிருந்து நன்றாகவே இருக்கிறது. முதல் பத்திதான் நீ எழுதியது மாதிரியே இல்லை.

உனக்குத் தந்த கேள்வி, "பிரெஞ்சுப் புரட்சி ஏன் 1789-இல் வெடித்தது?" நீ தொடங்கியிருப்பது இப்படி: "உலக வரலாற்றில் பல புரட்சிகள் நிகழ்ந்துள்ளன. அவற்றுள் பிரெஞ்சுப் புரட்சி ஒரு மாபெரும் திருப்புமுனை எனலாம். இதற்கு அரசியல், சமூக, பொருளாதாரக் காரணங்கள் பல இருந்தன." ஒரு வாக்கியத்திலும் தப்பில்லை. ஆனால் 'பிரெஞ்சு' என்பதை அடித்துவிட்டு 'ரஷ்ய' என்று போட்டுப் பார். அச்சு மாறாமல் பொருந்தும். அப்படியானால் அந்த மூன்று வரியில் நீ இன்னும் எதையுமே சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

இதில் உன்னை மட்டும் குறை சொல்ல மாட்டேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று தலைப்புப் போட்டு, முன்னுரைக்கு இரண்டு மார்க் என்று ஒதுக்கிவைத்தவர்களில் நானும் ஒருத்தி. 'திருப்புமுனை' என்று ஒரு சொல் கண்ணில் பட்டால் போதும், அந்த இரண்டு மார்க்கை யோசிக்காமல் போட்டிருக்கிறேன். கல்லூரியில் அது செல்லாது. அங்கே படிக்கிறவர் முதல் பத்தியில் தேடுவது ஒன்றைத்தான்: கேட்ட கேள்விக்கு இந்தப் பெண்ணின் பதில் என்ன? உங்கள் பேராசிரியர் தீசிஸ் என்று சொல்வதும் அதைத்தான். நான் மைய வாதம் என்கிறேன்.

கேள்வியைத் திரும்பப் படி. அதில் கனமான சொல் 'புரட்சி' இல்லை, '1789'. நீ அடுக்கியிருக்கிற காரணங்களைப் பார்: பிரபுக்களுக்கு வரிச் சலுகை, விவசாயி தலையில் சுமை, அமெரிக்க விடுதலைப் போருக்குச் செலவழித்துப் பெருகிய கடன். இதெல்லாம் ஐந்தாறு வருஷம் முன்னாலும் இருந்ததுதானே. பிறகு ஏன் 1784-இல் வெடிக்கவில்லை? இந்த இடத்தில் மாட்டிக்கொண்டால்தான் வாதம் பிறக்கும்.

உனக்கு அது பிறந்தும் விட்டது, தெரியுமா? ஆறாம் பக்கம், இரண்டாவது பத்தியின் நடுவில். 1788 ஆகஸ்டில் கஜானா காலி. மன்னர் பதினாறாம் லூயி வேறு வழியில்லாமல் எஸ்டேட்ஸ் ஜெனரலை, அதாவது குருமார், பிரபுக்கள், மற்ற மக்கள் என்ற மூன்று பிரிவுகளின் பிரதிநிதிகள் கூடும் அவையை, கூட்டச் சம்மதிக்கிறார். அது கடைசியாகக் கூடியது 1614-இல். செப்டம்பரில் பாரிஸ் பார்லெமான், 1614-இல் கூடிய முறைப்படியே இப்போதும் கூட வேண்டும் என்கிறது. (அதை நீ 'பாராளுமன்றம்' என்று எழுதியிருக்கிறாய். அது நீதிமன்றம். திருத்திவிடு.) பழைய முறை என்றால் பிரிவுக்கு ஒரு வாக்கு. குருமாரும் பிரபுக்களும் கைகோத்தால் மூன்றாம் பிரிவு எப்போதும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்கும். டிசம்பரில் மூன்றாம் பிரிவின் உறுப்பினர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார்கள். வாக்கைத் தலைக்கு ஒன்றாக எண்ணுவதா, பிரிவுக்கு ஒன்றாகவா என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறாய்: "இவ்வாறு கடன் பிரச்சினை வாக்குப் பிரச்சினையாக மாறியது." அந்த வரியை இரண்டு தடவை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதுதான் உன் பதில். ஆறாம் பக்கத்தில் ஒளித்துவைத்துவிட்டு முதல் பக்கத்தில் ரஷ்யாவுக்கும் பொருந்துவதை வைத்திருக்கிறாய்.

இது உனக்கு மட்டும் நடப்பதில்லை. எழுத எழுதத்தான் நாம் என்ன நினைக்கிறோம் என்பது நமக்கே பிடிபடுகிறது. அதனால் முதல் பத்தியைக் கடைசியில் எழுது. முதலில் எழுதியே ஆக வேண்டும் என்றால், கிழித்துப் போடத்தான் எழுதுகிறோம் என்று நினைத்து எழுது.

நான் முயன்று பார்த்தது இது. இப்படியே எடுத்துக்கொள்ளாதே, உன் வாயில் வருகிற மாதிரி மாற்று:

"பிரெஞ்சு அரசின் கடன் பழையது, அது மட்டும் 1789-ஐ விளக்காது. அந்தக் கடனுக்கு வழி தேட 175 ஆண்டுகளுக்குப் பிறகு கூட்டிய எஸ்டேட்ஸ் ஜெனரல், 'வரியை யார் கட்டுவது' என்ற கேள்வியை 'வாக்கு யாருக்கு எத்தனை' என்ற கேள்வியாக மாற்றிவிட்டது. 1788-இல் விளைச்சல் கெட்டு ரொட்டி விலை ஏறிய நேரமும் அதுவே என்பதால், அவைக்குள் தொடங்கிய தகராறு தெருவுக்கு வந்தது."

இதை ஒருவர் மறுக்கலாம். 1787-இல் மன்னர் அழைத்த பிரமுகர் சபை (பெரும்பாலும் பிரபுக்களும் உயர் குருமாரும்) வரிச் சீர்திருத்தத்துக்கு முட்டுக்கட்டை போட்டபோதே எல்லாம் தொடங்கிவிட்டது என்பார் ஒருவர். ரொட்டிதான் முதல் காரணம், வாக்கெல்லாம் படித்தவர்கள் கவலை என்பார் இன்னொருவர். மறுக்கட்டும். "காரணங்கள் பல இருந்தன" என்பதை யாராவது மறுக்க முடியுமா? முடியாது. அதனால்தான் அது வாதம் இல்லை. அந்த இரண்டு மறுப்புக்கும் உள்ளே எங்காவது பதில் சொல்லிவிடு. ஏழாம் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

ஒரே வாக்கியத்தில் அடக்காமல் மூன்றாக உடைத்ததைக் கவனித்தாயா? தமிழில் வினை கடைசியில் வருகிறது. எல்லா எச்சத்தையும் கோத்து ஒரே வாக்கியமாக இழுத்தால், நீ என்ன சொல்ல வருகிறாய் என்று தெரிய ஆசிரியர் ஐந்து வரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் இந்த 'எனலாம்', 'கருதப்படுகிறது'. யார் கருதுவது? நீயென்றால் தைரியமாகச் சொல். வேறொருவர் என்றால் அவர் பெயரைப் போடு. முதல் பக்கத்தில் மட்டும் ஏழு 'எனலாம்' எண்ணினேன்.

ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாயே, பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறையைப் பிடித்த 1789 ஜூலை 14 அன்று மன்னர் நாட்குறிப்பில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியதை வைத்துத் தொடங்கலாமா என்று. எனக்கும் பிடித்த கதைதான், வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நாட்குறிப்பு பெரும்பாலும் வேட்டைக் கணக்கு. அந்தக் கணக்கில் அன்று எழுத எதுவும் இல்லை என்பதுதான் அதன் பொருள். அதைவிட முக்கியம், அந்தக் கதை படிக்கிறவரை 'ஊர் நடப்பு தெரியாத மன்னர்' என்ற பக்கம் இழுத்துக்கொண்டு போகும். உன் வாதம் மன்னரைப் பற்றியதே இல்லையே. காட்சியோடுதான் தொடங்குவேன் என்றால், 175 வருஷம் கூடாத ஓர் அவையின் விதிமுறையைத் தூசி தட்டி எடுத்த அந்த 1788 செப்டம்பர் தீர்ப்பை எடு. அங்கிருந்து உன் வாதத்துக்கு இரண்டே வரி.

பின்னணிக்கு நாலு வரி போதும். லூயி வம்சம் முழுவதும் வேண்டாம். "முதலில் பார்ப்போம், அடுத்து பார்ப்போம்" என்ற பட்டியலும் வேண்டாம். வாதத்திலேயே வரிசை இருக்கிறது. அடுத்த கட்டுரை 'எந்த அளவுக்கு' என்று கேட்கிறது என்றாயே, அதற்குப் பதிலில் அளவு வந்தாக வேண்டும், 'ஓரளவுக்கு' என்று நழுவாதே. அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முதல் பத்தியை மட்டும் அனுப்பு. கேள்வியை மேலே எழுதாதே. பத்தியைப் படித்துவிட்டுக் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று உன் அப்பாவை ஊகிக்கச் சொல்கிறேன். அவருக்குச் சரித்திரம் ஒரு வரி தெரியாது என்பது உனக்கே தெரியும்.

ராத்திரி இரண்டு மணிக்கு அனுப்பியிருக்கிறாய். இதற்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் தூங்கு.

அம்மா