மெதுவாக வாசி என்று இனிச் சொல்லமாட்டேன்

பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. வயலின் பெட்டியைத் திறந்து நாலு மாதம் ஆகிறது, பக்கத்து அறைக்குச் சத்தம் போனால் என்ன நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது என்றாய். சொல்லிவிட்டு உடனே சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை, எழுந்து உட்கார்ந்து நீ இருக்கும் ஊர்ப் பெயரையும் வயலினையும் சேர்த்துப் போட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தேன். அப்படிக் கிடைத்தவர்தான் லூயி ஷ்போர் என்ற அந்தக் கால ஜெர்மன் வயலின் கலைஞர். ஒரு வாரமாக அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கோட்டிங்கனில்தான் அவர் வயலின் திருடு போனது, தெரியுமா? 1804-ஆம் வருடம், அவருக்கு இன்னும் இருபது வயது முடியவில்லை. பாரிஸில் வாசிக்கலாம் என்று கிளம்பி வந்தவர். குதிரை வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த பெட்டியை ஊர் வாசல் பக்கத்தில் யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த வயலின், குவார்னேரி என்ற பேர்பெற்ற இத்தாலியக் குடும்பத்தார் செய்தது. மறுநாள் ஊருக்கு வெளியே காலிப் பெட்டி கிடைத்தது, மூடியில் செருகியிருந்த வில் மட்டும் அப்படியே இருந்தது. அந்த வில்லைக் கையில் எடுத்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பாரிஸ் பயணம் அதோடு நின்றது. ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. அதே வருடக் கடைசியில் லைப்சிக்கில் வாசித்தார், பெயர் ஜெர்மனி முழுக்கப் பரவியது, அடுத்த வருடமே கோத்தா அரசவை இசைக்குழுவுக்குத் தலைமை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. இதற்கு முந்தைய கதைக்காக.

1784-இல் பிரவுன்ஷ்வைக்கில் பிறந்தவர். அப்பா மருத்துவர். பதினைந்து வயதில் தனியாக ஹாம்பர்க் போய்க் கச்சேரி செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்று போனார், ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று ஊர் வரைக்கும் நடந்தே திரும்பினார். வந்து அந்த ஊரை ஆண்ட டியூக்குக்குத் தானே ஒரு மனு எழுதி, பூங்காவில் அவர் நடந்து வரும்போது நேரில் கொடுத்தார். டியூக் வாசிக்கச் சொல்லிக் கேட்டார், 1799-இல் அரசவை இசைக்குழுவில் வேலை போட்டுக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து ஃபிரான்ட்ஸ் எக் என்ற ஆசிரியரோடு பீட்டர்ஸ்பர்க் வரைக்கும் அனுப்பிப் படிக்கவும் வைத்தார். நல்ல மனிதர்.

டியூக்கின் மனைவி வேறு மாதிரி. அந்த அம்மாவின் அறைகளில்தான் கச்சேரி நடக்கும், அந்த அம்மா சீட்டாடிக்கொண்டிருப்பார். இசை காதில் விழுந்தால் ஆட்டம் கெடுகிறதாம். அதனால் இசைக்குழுவுக்கு அடியில் கனமான கம்பளம் விரித்து, யாரும் சத்தமாக வாசிக்கக் கூடாது என்று உத்தரவு. ஒருநாள் தான் எழுதிய புதுக் கச்சேர்ட்டோவை, அதாவது தனி வயலினோடு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படியை, வாசிக்கும்போது ஷ்போர் தன்னை மறந்து முழு வில்லில் வாசித்துவிட்டார். நடுவிலேயே ஒரு பணியாள் வந்து கையைப் பிடித்து, இப்படிப் போட்டு இழுக்க வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னார்கள் என்றான். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது, இன்னும் பலமாக வாசித்தான்!

பாப்பா, அந்தக் கம்பளத்தைப் படித்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். நம் பழைய வீடு ஞாபகம் வந்தது. கீழ்வீட்டிலிருந்து ஒரு தடவை சத்தம் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள், ஒரே ஒரு தடவைதான். அதற்காக நான் உன் அறைக் கதவுக்கு அடியில் போர்வையை மடித்து வைத்தேன், கடைக்குப் போய்ச் சத்தத்தைக் குறைக்கும் ரப்பர் மியூட் வாங்கி வந்து வயலினில் மாட்டச் சொன்னேன், அப்புறம் தினமும் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்தவுடன் "மெதுவா, மெதுவா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஆறு வருடம் பாதி வில்லில் வாசித்தாய். ஐந்தாம் கிரேடு தேர்வில் ஒலி போதவில்லை என்று எழுதியிருந்தார்களே, அதற்கு நீ காரணம் இல்லை. இப்போது கோட்டிங்கனில் உன் கையைப் பிடிப்பது பக்கத்து அறைக்காரர் இல்லை, நான்தான். என்னை மன்னித்துவிடு கண்ணு.

ஷ்போர் அதை மறக்கவில்லை. 1807-இல் ஸ்டுட்கார்ட் அரசவையில் வாசிக்க அழைத்தபோது, நாங்கள் வாசிக்கும் நேரத்தில் சீட்டாட்டம் நிற்க வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி நடுங்கிப்போனார், ஆனால் அரசர் ஒத்துக்கொண்டார். நாங்கள் என்றது மனைவி டோரெட்டையும் சேர்த்து. அந்தப் பெண் ஹார்ப் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிப்பவர். தந்தி அறுந்துபோகாமல் இருக்க ஹார்ப்பை அரைச் சுரம் அளவு, அதாவது ஒரு செமிடோன் இறக்கிச் சுருதி சேர்த்துக்கொள்வார்கள், அதற்குத் தகுந்தபடி ஷ்போர் இரண்டு பேருக்கும் வேறு வேறு ஸ்கேலில் எழுதிக் கொடுப்பார். எவ்வளவு அன்பு அதில்!

பிறகு 1822-லிருந்து காசலில் முப்பத்தைந்து வருடம் அரசவை இசை இயக்குநர். அங்கே ஆட்சி செய்தவரோடும் ஒத்துப்போகவில்லை, அனுமதி கொடுக்காத விடுப்பைத் தானே எடுத்துக்கொண்டு போய் அபராதம்கூடக் கட்டினார். பத்து சிம்பொனி, பதினைந்துக்கு மேல் வயலின் கச்சேர்ட்டோ எழுதியிருக்கிறார். எட்டாவதை மட்டும் கேள், மிலானில் வாசிக்க எழுதியது, ஓப்பராவில் ஒரு பெண் பாடுவது போலவே வயலின் பாடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயலினில் உன் தாடைக்குக் கீழே இருக்கும் அந்தக் கட்டை, 1820 வாக்கில் அவர் கொண்டுவந்ததுதான். காசல் உனக்கு ரயிலில் பக்கம், அங்கே ஓபர்ன்பிளாட்ஸில் அவருக்குச் சிலை இருக்கிறது, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா.

சரி. ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் சத்தம் போடக் கூடாது என்று நீயே சொல்லியிருக்கிறாய், அதனால் சனிக்கிழமை. காலை பதினோரு மணிக்கு நான் போன் போடுகிறேன். பேச வேண்டாம். மியூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, போனை மேசைமேல் வைத்துவிட்டு வாசி. நான் இங்கே ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலையெல்லாம் திறந்து வைக்கிறேன்.

அப்பா