உடம்பு பழகிவிட்டது என்றாயே

அன்புள்ள மகனுக்கு,

"திங்கட்கிழமை காய்ச்சல் வரும்மா, புதன்கிழமைக்குள் சரியாகிடும். உடம்பு பழகிடுச்சு" என்று போனில் சொன்னாய். பாதி உண்மை, அதனால்தான் கவலை.

துத்தநாகம் பூசிய கால்வனைஸ் தகட்டை வெல்டிங் செய்யும்போது வரும் துத்தநாகப் புகைக் காய்ச்சல் நீ சொன்ன மாதிரிதான்: வாரத்தில் பழகும், விடுமுறையில் பழக்கம் விட்டுப்போகும், திங்களன்று மறுபடி வரும். ஆனால் நீ பற்றுக்கம்பியை உருக்கி உலோகத் துண்டுகளை ஒட்டும் பிரேசிங்கும் செய்கிறாய். சில வெள்ளிப் பற்றுக்கம்பிகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் உண்டு. அந்தப் புகையும் முதலில் இதே காய்ச்சல் போலத்தான் தெரியும், அப்புறம் நுரையீரலைக் கெடுத்து ஆளையே கொன்றுவிடலாம்.

காட்மியத்துக்கும் உடம்பு பழகும் என்பது பொய்யில்லை. எலிக்கு முதலில் சிறு அளவு கொடுத்துவிட்டு, மறுநாள் கொல்லக்கூடிய அளவைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்கிறது. காரணம் மெட்டலோதயோனீன் என்ற குட்டிப் புரதம். 1957-இல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டுபிடித்தார்கள். அதிலுள்ள 20 சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களின் கந்தகம் ஏழு உலோக அணுக்கள் வரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதல் சிறு அளவு கல்லீரலை உசுப்பி இதை நிறையச் செய்ய வைக்கிறது. அடுத்து வரும் பெரிய அளவு செல்லைத் தாக்குமுன் மாட்டிக்கொள்கிறது. இந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய எலிகளைக் காட்மியம் எளிதில் சாய்த்துவிடும். (வேடிக்கை என்னவென்றால், துத்தநாகம் கொடுத்தாலும் இந்தப் பாதுகாப்பு வரும்.)

சரி, மாட்டிக்கொண்ட காட்மியம் எங்கே போகிறது? உள்ளேயேதான் இருக்கிறது. புரதத்தோடு சேர்ந்து மெல்ல இரத்தத்தில் கசிகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி, திரும்ப உறிஞ்சி, புரதத்தை மட்டும் சிதைக்கிறது. காட்மியம் அங்கே அவிழ்ந்து நிற்கிறது. கல்லீரலைக் காப்பாற்றிய அதே காட்மியம்-புரதச் சேர்க்கையை எலிக்கு ஊசியில் ஏற்றினால் சிறுநீரகம் கெட்டுப்போகும். மனித உடம்பில் சேர்ந்தது பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டு ஆகும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் காட்மியம் ஏறிய அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உடம்புக்குள் போனது. சிறுநீரகம் பழுதாகி எலும்பு தானாக ஒடிந்தபோது, பழக்கம் எதுவும் உதவவில்லை.

ஈயமும் உன் பட்டறையில் இருந்தால், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது.

கம்பிப் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல். காட்மியம் இல்லாத கம்பி கிடைக்கிறது, முதலாளியிடம் கேள். சிறுநீரில் காட்மியமும், சிறுநீரகம் பழுதானால் கசியும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதமும் எவ்வளவு என்று பரிசோதித்துப் பார்த்துவிடு. சிகரெட்டையும் விடு; புகையிலையிலும் காட்மியம் இருக்கிறது. ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா