தொண்டுக் கடை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பேரவைக்கு வந்திருக்கும் கடைத் தொண்டர்களுக்கும் வணக்கம். கொடையாக வரும் பழைய பொருட்களை விற்று உதவித் திட்டத்துக்குப் பணம் சேர்க்கும் நம் சங்கத்தின் தொண்டுக் கடை கடந்த ஆண்டில் நடந்த விதத்தைப் பேரவை முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். எனவே நான் பொருட்களைப் பற்றியும், அவற்றைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள், வாங்கிப் போகிறவர்கள், நடுவில் நின்று பிரிப்பவர்கள் பற்றியும் பேசுகிறேன்.

கடை நடப்பது பின்னறையில் இருக்கும் மேசையை நம்பித்தான். அந்த மேசையில் ஒரு பை அவிழும்போது என்ன நடக்கிறது என்பதை உறுப்பினர்கள் எல்லோரும் ஒரு முறையாவது வந்து பார்க்க வேண்டும். சட்டையை விரித்துப் போட்டு முதலில் கழுத்துப்பட்டியின் உள்மடிப்பைப் பார்ப்பார்கள். அப்புறம் அக்குள், கைமுனை, பட்டன் வரிசை. கால்சட்டை என்றால் ஜிப்பை ஏற்றி இறக்கி, பைகளைத் தலைகீழாக இழுத்துவிடுவார்கள். பைக்குள் சாவி, மருந்துச் சீட்டு, ஏன், மோதிரம்கூட இருக்கும். கிடைப்பதை எல்லாம் உடனே குறிப்பேட்டில் எழுதி, கொடுத்தவர் யார் என்று தெரிந்தால் திருப்பி அனுப்புகிறோம். இந்த ஒழுங்கைத் தொண்டர்கள் ஆண்டு முழுவதும் தவறாமல் கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள்.

நல்ல கோட்டு ஒன்று ஜிப் சிக்கிக்கொண்ட நிலையில் வந்தது. நம் தொண்டர் ஒருவர் ஜிப்பின் பற்களில் பென்சில் முனையைத் தேய்த்து, மெல்ல மெல்ல இழுத்துச் சரிசெய்தார். பென்சிலின் கிராஃபைட் தூள் வழுக்கல் தரும், அவ்வளவுதான் சூட்சுமம். அது மட்டும் நடக்காமல் போயிருந்தால், நன்றாக உழைக்கக்கூடிய அந்தக் கோட்டு கழிவு மூட்டைக்குப் போயிருக்கும். ஓய்வுபெற்ற இன்னோர் உறுப்பினர் 1000 துண்டுப் படப்புதிர்களை வீட்டுக்கு எடுத்துப்போய் முழுக்க அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொண்டுவருகிறார். பெட்டியின் ஓரத்தில் ‘எல்லாத் துண்டும் உண்டு’ என்றோ, ‘ஒரு துண்டு இல்லை, வான மூலையில்’ என்றோ சிறு எழுத்தில் எழுதி ஒட்டிவிடுவார். ஒரு துண்டு இல்லாத பெட்டியும் அந்தக் குறிப்போடு விற்கிறது. மறைக்காமல் சொன்னால் வாங்குகிறவர் நம்பி வாங்குகிறார்.

சரி, இனி மனத்துக்கு வருத்தம் தரும் விஷயம். வரும் பொருளில் ஒரு பகுதி விற்கவே முடியாத நிலையில் வருகிறது. ஈரத்தோடு கட்டிய துணி, பூஞ்சை பிடித்த புத்தகம், ஒற்றைக் காலணி, மூடி இல்லாத பாத்திரம். கடை மூடியபின் வாசலில் வைத்துவிட்டுப் போகும் மூட்டைகளின் கதி இன்னும் மோசம். ஒரு மழை பெய்தால் போதும், உள்ளே இருக்கும் நல்லதும் சேர்ந்து கெட்டுவிடும். பூஞ்சை வாடை அடிக்கும் ஒரு துணி பக்கத்தில் இருக்கும் பத்துத் துணிக்கும் வாடையை ஏற்றிவிடுகிறது. இவற்றை அப்புறப்படுத்த நாம் கூலி கொடுக்கிறோம். அந்தப் பணம் நம் உதவித் திட்டத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம். கொடுக்க நினைப்பதே நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கொடுப்பதற்கும் வீட்டைக் காலி செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. துவைத்து, காயவைத்து, மடித்து, ஜோடிக் காலணிகளை நாடாவால் சேர்த்துக் கட்டிக் கடை திறந்திருக்கும் நேரத்தில் கையில் கொடுத்தால், அதுவே பெரிய உபகாரம்.

கிழிந்த துணிக்கு வழியே இல்லையா என்று கேட்கிறார்கள். சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால், ‘கிழிசல்’ என்று எழுதித் தனிப் பையில் கொடுக்கலாம். பருத்தி என்றால் துடைப்புத் துணியாகப் போகும். கம்பளியைப் பிய்த்து மீண்டும் நூலாக்கும் வேலை இன்று நேற்றுத் தோன்றியதும் அல்ல. இங்கிலாந்தின் பாட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் 1813-லேயே கந்தல் கம்பளியைக் கிழித்து, புதுக் கம்பளியோடு கலந்து துணி நெய்யும் முறையைக் கொண்டுவந்தார். ஆனாலும் உலகத்தின் பழைய துணி முழுவதையும் தாங்கும் அளவுக்கு அந்த வழி அகலமானதல்ல. மிஞ்சுவது பேல் பேலாக, அதாவது அழுத்திக் கட்டிய பெரிய மூட்டைகளாக, கப்பல் ஏறுகிறது. கானாவின் அக்ரா நகரத்துக் கண்டமாண்டோ சந்தையில் அந்தப் பேல்களைப் பிரித்துத் தைத்துச் சாயமேற்றி விற்று ஆயிரக்கணக்கானவர்கள் பிழைக்கிறார்கள். பேலுக்குள் இருக்கும் குப்பைக்கான நஷ்டமும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் கொட்டிக் கிடக்கும் பழைய துணி மலைகளின் படங்களை உறுப்பினர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு பருத்தி டீ-ஷர்ட் உருவாகச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவு தண்ணீர் குடித்த துணி இன்னும் சில ஆண்டு யாராவது ஒருவர் உடம்பில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நாம் இவ்வளவு பாடுபடுகிறோம்.

சில பொருட்களை வாங்க மறுத்ததால் கொடுக்க வந்தவர்கள் மனம் வருந்தியதாகத் தொண்டர்கள் சொன்னார்கள். காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். தலைக்கவசமும், குழந்தைகளைக் காரில் உட்காரவைக்கும் இருக்கையும் ஒரு முறை விபத்தில் அடிபட்டிருந்தால் வெளியே தெரியாமலே உள்ளுக்குள் பலமிழந்திருக்கும். அவற்றின் கதை நமக்குத் தெரியாது. பக்கக் கம்பித் தடுப்பு மேலேறிக் கீழிறங்கும் பழைய மாதிரித் தொட்டில்களில் குழந்தைகள் சிக்கி இறந்ததால், அமெரிக்காவில் 2011-இல் அவற்றின் விற்பனையையே தடை செய்தார்கள். மெத்தையில் மூட்டைப்பூச்சி ஒளிந்திருந்தால் கடை முழுக்கப் பரவும். இந்த நான்கிலும் நாம் தாட்சண்யம் பார்க்க முடியாது. பழைய கைபேசி, கணினி கொடுப்பவர்கள் தங்கள் தகவல்களை அழித்துவிட்டுக் கொடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

‘ஏழைகளுக்கு உதவத்தானே கடை, ஏன் விலை வைக்கிறீர்கள்? சும்மா கொடுத்துவிடலாமே!’ என்று புதிய உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எட்கர் ஹெல்ம்ஸ் என்ற போதகர் 1902-இல் பாஸ்டன் நகரத்தில் வசதியான வீடுகளிலிருந்து பழைய பொருட்களைச் சாக்கில் சேகரித்து, வேலையில்லாதவர்களை வைத்துப் பழுதுபார்த்து விற்கத் தொடங்கினார். கூலியும் கிடைத்தது, குறைந்த விலையில் பொருளும் கிடைத்தது. இன்று தொண்டுக் கடைகள் நடத்தும் அமெரிக்காவின் குட்வில் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. ஆக்ஸ்ஃபாம் என்ற பிரிட்டன் தொண்டு அமைப்பு 1942-இல், போரில் பட்டினி கிடந்த கிரேக்க மக்களுக்காகத் தொடங்கப்பட்டது. அது 1940-களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் வீதியில் நிரந்தரக் கடையைத் திறந்தது. அங்கே ஒருவர் கொடுத்த பொருளை இன்னொருவர் வாங்க, அந்தப் பணம் தூரதேசத்தில் இருக்கும் மூன்றாமவருக்குப் போனது. நம் கடையும் அதே வழியில்தான் நடக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கையில் திணித்ததை வாங்கிக்கொள்வது வேறு, ஹாங்கரில் தொங்குவதில் நமக்குப் பிடித்த நிறத்தைத் தேடி எடுப்பது வேறு. விலை கொடுத்தவர் பேரம் பேசலாம், வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகலாம், கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கலாம். கொஞ்சமும் கையில் இல்லாதவர்களுக்காக இந்த ஆண்டு சீட்டு முறையைத் தொடங்கினோம். காசுக்குப் பதிலாக நீட்டும் அந்தச் சீட்டும், பிறருக்குப் பரிசாகக் கொடுக்கப் பணம் கட்டி வாங்கும் சீட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பில் போடுகிறவருக்கு எது எந்தச் சீட்டு என்று தெரியாது. பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் தெரியாது. இந்த ஆண்டு நாம் செய்ததில் இதைவிட நல்ல காரியம் வேறில்லை என்பேன்.

வாங்க வருகிறவர்களுக்குத் தொண்டர்கள் சொல்லிக்கொடுக்கும் சில விஷயங்களை உறுப்பினர்களும் தெரிந்துகொள்ளலாம். அளவுச் சீட்டை நம்ப வேண்டாம், பழைய துணி துவைத்துச் சுருங்கியிருக்கும், போட்டுப் பார்த்து எடுங்கள். துணியை வெளிச்சத்தில் பிடித்தால் இழை தேய்ந்த இடம் தெரிந்துவிடும். தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் துவைத்தபின் அணியுங்கள். சூட்டில் உலர்த்தும் இயந்திரம் இருந்தால், துணி தாங்கும் என்றால், உயர்ந்த சூட்டில் அரை மணி நேரம் போட்டால் பூச்சிப் பயமும் இல்லை.

இங்கே வாங்கி வெளியே அதிக விலைக்கு விற்கிறவர்கள் பற்றிச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. அவர்கள் கொடுக்கும் பணமும் உதவித் திட்டத்துக்குத்தான் போகிறது, அலமாரியும் காலியாகிறது, அவர்களைத் தடுக்கக் கூடாது என்பது என் கருத்து. குழந்தைகளின் துணியையும் காலணியையும் மட்டும் ஒருவர் மொத்தமாக அள்ளிப்போக விடக்கூடாது என்று முடிவானது. நம் தொண்டர்களுக்கும் ஒரு விதி இருக்கிறது: எந்தப் பொருளும் விற்பனை அலமாரிக்கு வந்து ஒரு நாள் கழிந்த பிறகுதான் அவர்கள் வாங்கலாம், விலையை வேறொருவர்தான் போட வேண்டும். இதைச் சிலர் கடுமை என்றார்கள். கொடுத்தவரின் நம்பிக்கை இந்த விதியில்தான் இருக்கிறது, அதைத் தளர்த்த வேண்டாம் என்று பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு பரிந்துரைகளை வைக்கிறது. வாரம் ஒரு மாலை பின்னறை மேசையைப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்க வேண்டும். பட்டன் தைக்கவும், ஜிப் மாற்றவும், ஆடும் நாற்காலிக் காலை இறுக்கவும் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கலாம். மூடிய நேரத்தில் வாசலில் பொருள் வைக்க வேண்டாம் என்ற அறிவிப்போடு, பெரிய பொருட்களுக்கு முன்கூட்டியே நேரம் வாங்கும் ஏற்பாடும் வேண்டும். இவ்விரண்டையும், இந்த அறிக்கையையும் பேரவை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பிரிப்பு மேசைக்கு இன்னும் ஆள் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் கடைப் பொறுப்பாளரிடம் பெயரைப் பதியலாம்.

இங்ஙனம்,
செயலாளர்